ஒரே ஆர்டர், மூன்று முறை
கிடங்கிலிருந்து காலையிலேயே போன். ஒரே ஆர்டர் மூன்று முறை பதிவாகியிருக்கிறது, மூன்றும் ஒரே நிமிடத்தில். பழைய நிரலில் அதுவரை யாரும் பார்த்திராத தப்பு. அதன் முன்னால் நான் மாட்டிவிட்ட பிஎச்பி (இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழி) பக்கத்துக்கு வயது நான்கு நாள். குற்றவாளியைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

ஆர்டர், இருப்பு, பில் எல்லாமே மெயின்ஃபிரேம் என்ற பெரிய மையக் கணினியில், கோபாலில் (ஆள் இல்லை, 1959இல் உருவாகத் தொடங்கிய நிரல்மொழி) எழுதியவை. அதில் கை வைக்க யாருக்கும் தைரியம் இல்லை, எனக்கும்தான். எல்லோரும் 3270 எமுலேட்டரில் (மெயின்ஃபிரேமோடு பேசும் பழைய திரை-கீபோர்டு டெர்மினலைப் போல நடிக்கும் நிரல்) வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்: கறுப்புத் திரை, 24 வரி, வரிக்கு 80 எழுத்து. இனி அது பிரவுசரில் வர வேண்டும், கோபால் அப்படியே இருக்க வேண்டும் என்றார்கள்.

எஸ்3270 என்று ஒரு நிரல் இருக்கிறது. திரையே இல்லாத டெர்மினல். இதை அடி, என்டர் தட்டு, திரையில் இருப்பதைக் கொடு என்று ஸ்கிரிப்டிலிருந்து சொன்னால் செய்யும். ஐந்தாவது வரியில் இருபதாவது எழுத்திலிருந்து பத்து எழுத்தை வெட்டினால் வாடிக்கையாளர் எண். இரண்டே நாளில் முதல் பக்கம் ஓடியது. இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

இவ்வளவு இல்லை. பிஎச்பி ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஓடி, பக்கத்தை அனுப்பியதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். டெர்மினலோ காலையில் லாகின் செய்தால் மாலை வரை ஒரே இணைப்பு. யார், எந்தத் திரையில் நிற்கிறார் என்பதெல்லாம் அதற்கு நினைவிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் டெர்மினல் இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்க ஒரு டீமன் (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்) எழுத வேண்டியிருந்தது. பிரவுசரின் குக்கீயில் இருக்கும் எண்ணை வைத்து, யாருக்கு எந்த இணைப்பு என்று அது பார்த்துக்கொள்ளும்.

மூன்று ஆர்டருக்கு வருகிறேன். 3270இல் என்டர் தட்டினால், மெயின்ஃபிரேம் பதில் தரும்வரை கீபோர்டு பூட்டிக்கொள்ளும். நாம் எவ்வளவு அவசரப்பட்டாலும் ஒன்றும் நடக்காது. பிரவுசரில் அந்தப் பூட்டு கிடையாது. பக்கம் தாமதமானால் மறுபடி ஒரு கிளிக், அப்புறம் ரீஃபிரெஷ். படிவத்தை மீண்டும் அனுப்பட்டுமா என்று பிரவுசர் கேட்கத்தான் செய்கிறது, அதை யார் படிக்கிறார்கள்! முதலில் ஜாவாஸ்கிரிப்டில் பொத்தானை முடக்கிப் பார்த்தேன். ரீஃபிரெஷுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கடைசியில் ஒவ்வொரு படிவத்திலும் ஒருமுறை மட்டும் செல்லும் எண்ணை ஒளித்து வைத்தேன். அதே எண் இரண்டாம் முறை வந்தால் மெயின்ஃபிரேம் பக்கமே போகாது. பதிவானதும் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுவதால், ரீஃபிரெஷ் செய்தாலும் அந்தப் பக்கம்தான் திரும்ப வரும்.

கோபாலைப் பார்த்துக்கொண்ட மூத்தவர் என் நிரலை ஒருநாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ வந்திருக்கிற வீடு சரியான வீடுதானா என்று பார்க்காமலே உள்ளே போய் எழுதுகிறாய்." மேல் மூலையில் ஒவ்வொரு திரைக்கும் ஒரு அடையாள எண் இருக்கிறதாம். நான் கவனிக்கவே இல்லை. அறிவிப்புத் திரை ஏதாவது குறுக்கே வந்திருந்தால், விலையை எந்தக் கட்டத்தில் அடித்திருப்பேனோ! அன்றிலிருந்து அந்த எண் பொருந்தினால்தான் அடுத்த விசை.

பெரிய பட்டியல்களுக்கு மட்டும் திரை வழியே போகாமல் கோப்பையே எடுத்தேன். திறந்தால் பக்கம் பூராவும் @. இடைவெளிக்கு எப்சிடிக்கில் (எழுத்துகளை மெயின்ஃபிரேம் எண்களாக வைக்கும் முறை) 40 என்ற ஹெக்ஸ் (பதினாறடிமான) எண். மற்றக் கணினிகளின் ஆஸ்கி முறையில் அதே எண்தான் @. சரி என்று கோப்பு முழுவதையும் ஆஸ்கிக்கு மாற்றினேன். பெயர்கள் அழகாக வந்தன, தொகைகள் நாசமாயின. தொகைகளை ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாக அடைத்து, கடைசி அரை பைட்டில் கூட்டலா கழித்தலா என்று வைத்திருந்தார்கள். 12345 என்பது 12 34 5சி (சி என்றால் கூட்டல்). அது எழுத்தே இல்லை, மாற்றினால் கெட்டுத்தான் போகும். எதையும் மாற்றாமல் பைனரியாகவே கொண்டுவந்து களம் களமாகப் பிரித்தபிறகுதான் கணக்கு ஒத்துப்போனது.

எல்லோரும் பிரவுசருக்கு வந்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. அவர் திரையைப் பார்க்காமலே எண்களை அடித்து என்டர் தட்டி முடிக்கும்போது, என் பக்கம் பாதிகூட வந்திருக்காது. அவருடைய எமுலேட்டரை நீக்கச் சொல்லி வந்த மெயிலுக்கு இன்னும் நான் பதில் போடவில்லை.