ஒரு வாய்க்கு எதற்கு இரண்டு குழாய்?

காசிமேட்டில் விசைப்படகைத் தள்ளும் காத்தாடியில் (புரொப்பல்லர்) வலையோ நைலான் கயிறோ சுற்றிக்கொண்டால் அறுத்தெடுக்க எங்களைப் போன்ற முக்குளிப்பவர்களைக் கூப்பிடுவார்கள். ஆழம் ஐந்து, ஆறு மீட்டர்தான். ஆனால் துறைமுகத் தண்ணீரில் டீசலும் சேறும் கலந்து, நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் தடவித்தான்.

சேர்ந்த புதிதில், சிலிண்டர் காற்றை மூச்சு விடும் அளவுக்கு அழுத்தம் குறைத்து வாய்க்குத் தரும் என் ரெகுலேட்டரில் தொங்கிய மஞ்சள் குழாயைப் பார்த்து மூத்தவர் கேட்டார்: "ஒரு வாய்க்கு இன்னாத்துக்குபா ரெண்டு குழாய்?" ஆக்டோபஸ் என்று நாங்கள் சொல்லும் உபரி வாய்ப்பகுதி அது. ஏதாவது ஆனால் மேலே வந்துவிட வேண்டியதுதானே என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஒருநாள் படகின் அடியில் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தேன். மவுத்பீஸை இறுக்கும் பிளாஸ்டிக் டை எப்போது அறுந்ததோ தெரியாது. திரும்பியபோது குழாய் எதிலோ மாட்டி இழுக்க, ரப்பர் மட்டும் என் பல்லில் நின்றது. அடுத்த மூச்சில் வாய் நிறைய உப்புத் தண்ணீர். மேலே போகலாமென்றால் தலைக்கு மேல் படகின் அடிப்பலகை. அதைத் தாண்டினால் பக்கத்துப் படகு. இரண்டும் உரசிக்கொண்டு நிற்கும். ஆக்டோபஸைத் தேடினேன். அது கிளிப்பிலிருந்து நழுவிச் சேற்றில் புரண்டுகொண்டிருந்தது. கையில் கிடைத்து வாயில் வைத்தால் மணல் சிக்கிக் காற்று சீறியது. நிற்காமல் சீறுவதும் ஒரு வகையில் நல்லதுதான். பழுதானால் அடைத்துக்கொள்ளாமல் திறந்துகொள்ளும்படிதான் பெரும்பாலும் அந்த வால்வை அமைக்கிறார்கள். சீறிய காற்றையே உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். ஆக்டோபஸ் முதலில் கூட்டாளிக்காக ஏற்பட்டது: அவருக்குக் காற்று தீர்ந்தால் நம் சிலிண்டரிலிருந்து பங்கு கொடுக்க. இரண்டு வாய்ப்பகுதிக்கும் சிலிண்டர் ஒன்றே, அதன் கழுத்தில் அழுத்தத்தைக் குறைக்கும் முதல் நிலையும் ஒன்றே. அது மக்கர் செய்தால் இரண்டும் சேர்ந்தே போகும். இருட்டில் தனியாக இறங்குகிறவனுக்கு அது பாதிக் காப்புதான். சொந்த ரெகுலேட்டரோடு தனியாக ஒரு சின்ன சிலிண்டர் வேண்டும். 3 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் சுமார் 600 லிட்டர் காற்று. ஆறு மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல 1.6 மடங்கு என்பதால் காற்று அந்த அளவுக்கு வேகமாகத் தீரும். பதறி இழுத்தாலும் வெளியே வர அது தாராளம்.

வேலை கொடுத்தவர் அதற்குக் காசு தரவில்லை. கைக்காசில்தான் வாங்கினேன். ஆக்டோபஸையும் கழற்றவில்லை, ரப்பர் வளையத்தில் கோத்துக் கழுத்திலேயே தொங்கவிட்டுக்கொள்கிறேன். கண் தெரியாத தண்ணீரிலும் தாடைக்குக் கீழே இருக்கும். இறங்குமுன் இரண்டு டையையும் இழுத்துப் பார்க்கிறேன். "இன்னாபா, மாப்பிள்ளை அலங்காரமா?" என்கிறார் மூத்தவர். சின்ன சிலிண்டரின் வால்வு திறந்திருக்கிறதா என்று பின்னாலிருந்து திருகிப் பார்ப்பவரும் அவர்தான்.