டாக் ஷோ தயாரிப்பாளர் தேர்வு: முன்பேட்டியில்தான் எல்லாம்

வேலை உறுதியாகிவிட்டது. அமெரிக்கப் பொது வானொலி நிலையம் ஒன்றில் தினசரி டாக் ஷோவுக்குத் தயாரிப்பாளர். பெயர் வேண்டாம். தேர்வில் பல சுற்றுகள். எனக்கு வேலை வாங்கித் தந்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முன்பேட்டி, அதாவது நிகழ்ச்சிக்கு முன்பே தயாரிப்பாளர் விருந்தினரிடம் பேசிப் பார்ப்பது. தேர்வில் நிலைய ஊழியர் ஒருவர் நிலத்தடி நீர் ஆய்வாளராக நடித்தார். போனில் அவரிடம் பேசிவிட்டு, தொகுப்பாளருக்கு முன்னுரையும், அவர் கேட்க வேண்டியவற்றைக் கொண்ட கேள்வித்தாளும் எழுதித் தர வேண்டும். நான் இயல்பிலேயே அதிகம் பேசாதவன். அதுவே கைகொடுத்தது. சின்னக் கேள்வியாகக் கேட்டேன், பதில் முடிந்த பிறகும் சும்மா இருந்தேன். முதலில் வருவது பத்திரிகைக் குறிப்பில் உள்ள பதில். அந்த மௌனம் தாங்காமல் அவர் சொன்ன இரண்டாவது பதிலில்தான் சரக்கு இருந்தது. "இந்தப் பிரச்சினை பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். "கடைசியாகக் களத்துக்குப் போன அன்று என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். விருந்தினர் நல்ல கதை ஒன்றை ஆரம்பித்தால் முழுவதும் கேட்டுவிடாதீர்கள். உங்களிடம் ரசித்துச் சொன்னதை மறுநாள் நேரலையில் "நேற்றே சொன்னேனே" என்ற தொனியில் சுருக்கிவிடுவார். "இதை அப்படியே தொகுப்பாளரிடம் சொல்லுங்கள்" என்று நிறுத்திவிட்டு, கேள்வித்தாளில் ஒரு வரி எழுதுங்கள். நான் எழுதியது: 'பள்ளிக்கூடக் கிணறு பற்றிக் கேளுங்கள். கதை இருக்கிறது.' தேர்வாளர்கள் அந்த வரியைத்தான் நேர்காணலில் எடுத்துப் பேசினார்கள்.

நிகழ்ச்சிக்கு யாரை அழைப்பது என்ற கேள்விக்கு, ஆய்வறிக்கையில் முதல் பெயராக இருக்கும் பேராசிரியரை எழுதாதீர்கள். அளவு எடுக்கப் போன இளைய ஆய்வாளர் பெரும்பாலும் நன்றாகப் பேசுவார். இது என் சாய்வு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெயர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

மற்றவை வேகமாக:

- ஆதரவாளர் அறிவிப்பை, அதாவது நிலையத்துக்குப் பணம் தருபவர்களின் பெயர் சொல்லும் அறிவிப்பை, திருத்தச் சொல்வார்கள். விலை இருந்தால் வெட்டுங்கள். 'இன்றே வாருங்கள்' என்பதை வெட்டுங்கள். 'மிகச் சிறந்த' என்பதையும்தான். வணிக நோக்கமற்ற நிலையங்களுக்கு எஃப்சிசி (அமெரிக்க ஒலிபரப்புகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையம்) விதி அது. சும்மா கிடைக்கும் மதிப்பெண்.
- நிகழ்ச்சியின் நேரக் கணக்கை முடிவிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். மணி அடித்ததும், பல நிலையங்களுக்கும் பொதுவாக வரும் வலையமைப்பின் செய்தி தொடங்கிவிடும். உங்கள் விருந்தினருக்காக அது நிற்காது.
- டேப் வெட்டும்போது மூச்சுகளை எல்லாம் துடைத்துவிடாதீர்கள். மனிதர் பேசுவதுபோல் இருக்காது. ஒலி அளவு -24 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு).
- முன்னுரையின் கடைசி வாக்கியம் விருந்தினரின் பெயரில் முடியட்டும்.
- குரல் நன்றாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. என்னோடு வந்தவர்களில் சிலருக்கு அருமையான குரல். பாவம், அதையே நம்பி வந்திருந்தார்கள்.

வரலாற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். 1967 பொது ஒலிபரப்புச் சட்டம், 1970இல் என்பிஆர் என்ற தேசியப் பொது வானொலி வலையமைப்பு தொடங்கியது எல்லாம் விக்கிபீடியாவில் இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் பணம் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அந்த 1967 சட்டம் உருவாக்கிய பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் திரும்பப் பெற்றுக்கொண்டது. சிறிய நிலையங்களுக்குத்தான் பெரிய அடி. ஆள் குறைந்த இடத்தில் தயாரிப்பாளரே நேயர்களின் அழைப்பையும் எடுப்பார், இணையத்துக்கும் எழுதுவார். "அது என் வேலையில்லை" என்ற முகம் காட்டினால் அதோடு முடிந்தது.

கடைசிக் கேள்வி எல்லோருக்கும் பொது: நேரலைக்கு ஐந்து நிமிடம், விருந்தினர் லைனில் இல்லை. வீர வசனம் வேண்டாம். அவரது இரண்டாவது எண்ணை முன்பேட்டியிலேயே வாங்கியிருப்பேன், அதில் அழைப்பேன் என்றேன். கிடைக்காவிட்டால் இரண்டாம் பகுதி விருந்தினரை முன்னால் கொண்டுவருவேன். அவரும் இல்லையென்றால் நேயர் லைன்களைத் திறந்துவிட்டு, தொகுப்பாளரின் காதில் முதல் அழைப்பாளரின் பெயரையும் ஊரையும் சொல்வேன்.