அமெரிக்காவில் இதய மருத்துவராக: கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டிய கணக்கு

எம்.பி.பி.எஸ். முடிக்கும் தறுவாயில் அமெரிக்கா போய் கார்டியாலஜி படிக்க நினைக்கும் தம்பி, தங்கைகள் முதலில் கேட்பது அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் இரண்டாம் கட்டமான ஸ்டெப் 2 மதிப்பெண்ணைப் பற்றித்தான். மதிப்பெண் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பாதையைக் கடந்து வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மதிப்பெண் குறைந்து திண்டாடியவர்களைவிட, விசாக் கணக்கைத் தாமதமாகப் போட்டுத் திண்டாடியவர்களையே அதிகம் பார்க்கிறேன். தோற்ற தேர்வை மறுபடி எழுதலாம், ஆய்வை மறுபடி செய்யலாம். ஓடிவிட்ட விசா ஆண்டுகள் திரும்பி வராது.

கணக்கு இதுதான். உள்மருத்துவ ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் வேலை பார்த்தபடி பெறும் மேற்பயிற்சி 3 ஆண்டு, அதன்மேல் ஃபெலோஷிப் எனும் சிறப்புப் பயிற்சி பொது கார்டியாலஜியில் 3 ஆண்டு. ஸ்டென்ட் வைக்கும் இன்டர்வென்ஷனல் பயிற்சிக்கு இன்னும் ஓராண்டு. முற்றிய இதயச் செயலிழப்புப் பிரிவுக்கும் ஓராண்டு. இதயத் துடிப்புக் கோளாறுகளைப் பார்க்கும் எலக்ட்ரோபிசியாலஜிக்கு 2 ஆண்டு. மருத்துவப் பயிற்சிக்கான ஜே-1 விசாவின் உச்சவரம்பு 7 ஆண்டு. வேலை விசாவான எச்-1பிக்கு 6. ஆக, ஜே-1ல் போனால் இன்டர்வென்ஷனல் வரை சரியாக அடங்கும், ஒரு மாதம்கூட மிச்சமிருக்காது. எலக்ட்ரோபிசியாலஜி என்றால் 8 ஆண்டு ஆகிவிடும், வெளியுறவுத் துறையின் சிறப்பு அனுமதி இல்லாமல் நடக்காது. எச்-1பியில் போனால் பொது கார்டியாலஜி முடியும்போதே 6 ஆண்டு தீர்ந்துவிடும். அதற்குள் கிரீன் கார்டு மனு நகர்ந்திருந்தால்தான் அடுத்த பயிற்சியை யோசிக்கலாம். ரெசிடென்சிக்கும் ஃபெலோஷிப்புக்கும் நடுவே ஓராண்டு சீஃப் ரெசிடென்டாகவோ, எச்-1பியில் என்றால் வார்டு மருத்துவராகவோ இருந்தால் அந்த ஆண்டும் கணக்கில் ஏறும். எச்-1பி வேண்டுமானால் மனு போடுமுன்பே உரிமத் தேர்வின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3 தேறியிருக்க வேண்டும். தவிர, 2025 செப்டம்பரில் வந்த அதிபர் ஆணை, வெளிநாட்டில் இருப்பவருக்குப் போடும் புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்ததால், இந்தியாவிலிருந்து நேராக அந்த விசாவில் ரெசிடென்டை எடுக்க மருத்துவமனைகள் தயங்குகின்றன. பெரும்பாலோருக்கு ஜே-1தான் நடைமுறை வழி.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது பெயரை. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், பட்டச் சான்றிதழில் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக சர்நேம் கட்டத்தில், இல்லையென்றால் அந்தக் கட்டமே காலி என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும். சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேமாகப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். அதன்பின் சோஷியல் செக்யூரிட்டி, ஓட்டுநர் உரிமம், மருத்துவ உரிமம், மருந்துச் சீட்டு எழுதும் பதிவு என்று எல்லா இடத்திலும் அந்த மூன்றெழுத்து பின்தொடரும். ஆகவே வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்குச் சான்று தரும் அமெரிக்க அமைப்பான ஈ.சி.எஃப்.எம்.ஜி.யின் எண்ணுக்கு விண்ணப்பிக்கும் முன்பே சர்நேம் நிரப்பிய புதிய பாஸ்போர்ட் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அதே எழுத்துகள், அதே வரிசை, எல்லா விண்ணப்பத்திலும். தேர்வு அனுமதிச் சீட்டும் பாஸ்போர்ட்டும் பொருந்தாவிட்டால் தேர்வு மையத்தில் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போகும்.

தேர்வுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், அதற்கு வழிகாட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். ஸ்டெப் 1, 2022 ஜனவரி முதல் வெறும் தேர்ச்சி, தோல்வி மட்டுந்தான். அதனால் எண்ணாகத் தெரியும் ஸ்டெப் 2 சி.கே. (இப்போது ஸ்டெப் 2 என்பது இதுதான்) மதிப்பெண்ணுக்கு மவுசு கூடிவிட்டது. நேரில் போய்ச் செய்முறையாகக் காட்டிய ஸ்டெப் 2 சி.எஸ். 2021ல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக ஈ.சி.எஃப்.எம்.ஜி.யின் பாத்வே எனும் மாற்றுவழியும், மருத்துவத் துறையினருக்கான ஓ.ஈ.டி. ஆங்கிலத் தேர்வும் வந்தன. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் மொத்தம் நான்கு முறைதான் வாய்ப்பு. ஒரு தோல்வி விழுந்தாலே பல இடங்களில் விண்ணப்பத்தைத் திறந்து பார்க்க மாட்டார்கள், தயாராகாமல் போய் உட்காராதீர்கள். பட்டச் சான்றிதழின் சரிபார்ப்பு உங்கள் கல்லூரியிலிருந்து நேரடியாகப் போக வேண்டும். அது அலுவலக மேசையில் மாதக்கணக்கில் தூங்குவது உண்டு. யார் பார்க்கிறார், எப்போது அனுப்பினார் என்று நேரில் போய்க் கேட்டுக்கொண்டே இருங்கள்.

எம்.பி.பி.எஸ். கடைசியில் வரும் கட்டாய மருத்துவமனைப் பயிற்சியான சி.ஆர்.ஆர்.ஐ. முடிவதற்குள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவமனையில் நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் எலெக்டிவ், பெரும்பாலும் மாணவராக இருக்கும்வரைதான் கிடைக்கும். பட்டம் வாங்கிய பிறகு கிடைப்பது பக்கத்தில் நின்று பார்க்கும் அப்சர்வர்ஷிப். இரண்டிலும் சிபாரிசுக் கடிதம் வாங்கலாம், ஆனால் ‘இவர் கேஸ் எடுத்து முன்வைத்தார், நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்’ என்று எழுதும் கடிதத்தின் எடையே வேறு.

ரெசிடென்சிக்கு இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள். அதே மருத்துவமனையில் கார்டியாலஜி ஃபெலோஷிப் இருக்கிறதா, கடந்த சில ஆண்டுகளில் அங்கிருந்து வெளிநாட்டுப் பட்டதாரிகள் எத்தனை பேர் கார்டியாலஜிக்குப் போயிருக்கிறார்கள் என்று பாருங்கள். தங்களிடம் வேலை பார்த்தவரை எடுத்துக்கொள்ளவே ஃபெலோஷிப் இயக்குநர்கள் விரும்புவார்கள். விண்ணப்பம் செப்டம்பரில் போகும். முடிவு மார்ச் மூன்றாம் வாரத்தில். திங்கட்கிழமை இடம் கிடைத்ததா என்று மட்டும் சொல்வார்கள், எந்த ஊர் என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். அன்றிலிருந்து ஜூலை 1 வரை மூன்று மாதச் சொச்சம். அதற்குள் இந்தப் பயிற்சி பெற்றவர் நாட்டுக்குத் தேவை என்று இந்திய சுகாதார அமைச்சகம் தரும் தேவைச் சான்று, ஜே-1 விசாவுக்கு வேண்டிய டி.எஸ்.-2019 படிவம், தூதரக நேர்காணல் எல்லாம் முடிய வேண்டும். 2025 மே இறுதியில் ஜே-1 நேர்காணல் நேரம் ஒதுக்குவதைச் சில வாரம் நிறுத்தியபோது, ஜூலையில் சேர வேண்டியவர்கள் தவித்துப்போனார்கள். தேவைச் சான்றில் சிறப்புப் பிரிவின் பெயர் பயிற்சி ஒப்பந்தத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். உள்மருத்துவத்துக்கு வாங்கியது கார்டியாலஜிக்குச் செல்லாது, மறுபடி தனியாக வாங்க வேண்டும்.

ஃபெலோஷிப் விண்ணப்பத்தில்தான் பலர் காலத்தைத் தவறவிடுகிறார்கள். மூன்று ஆண்டு ரெசிடென்சி என்றாலும், விண்ணப்பம் மூன்றாம் ஆண்டு தொடங்கும் ஜூலையிலேயே போய்விடுகிறது. டிசம்பர் தொடக்கத்தில் முடிவு. ஆக, உங்களை நிரூபிக்கக் கையிலிருப்பது இரண்டே ஆண்டு. அமெரிக்க இதயவியல் கல்லூரியின் ஆண்டுக் கூட்டம் மார்ச் வாக்கில் நடக்கும், அதற்கான ஆய்வுச் சுருக்கம் அதற்கு முந்தைய அக்டோபரில் போக வேண்டும். அந்த அக்டோபர் நீங்கள் இரண்டாம் ஆண்டில் கால் வைத்திருக்கும் நேரம். அப்படியானால் ஆய்வு நெறிக்குழு அனுமதியும் தரவுத் திரட்டலும் முதலாண்டுக் குளிர்காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். முதலாண்டு வேலைச்சுமையில் இது கொடுமைதான், வேறு வழியில்லை.

எதை ஆய்வது என்று கேட்பவர்களுக்கு என் பதில், நம் மக்களின் இதயத்தை. கேரளத்துக் கொட்டாரக்கரையில் பிறந்து, பெங்களூரு செயின்ட் ஜான்ஸில் படித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போய், பிறகு கனடாவின் மெக்மாஸ்டரில் நிலைத்த டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் வந்ததுதான் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு. 2004ல் வெளியானது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 6 ஆண்டு முன்னதாக வருகிறது என்பது அதன் தரவிலிருந்தே தெரிந்தது. 2018ல் வந்த அமெரிக்கக் கொலஸ்ட்ரால் வழிகாட்டி நெறி, தெற்காசிய வம்சாவளியை ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. ஆனாலும் நமக்கென்று தனித் தரவு இன்னும் போதாது. உங்கள் மருத்துவமனைப் பதிவேட்டிலேயே அதற்குக் கேள்வி கிடைக்கும்.

ஃபெலோஷிப்பின் முதலாண்டில் கை பழக வேண்டிய முதல் கருவி, ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ. இரவு இரண்டு மணிக்கு, இதய உறையில் நீர் கோத்த நோயாளியின் அருகே டெக்னீஷியன் இருக்க மாட்டார், நீங்கள்தான் மார்பில் வைத்துப் படமெடுக்கும் ப்ரோபைப் பிடிக்க வேண்டும். புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, இதய நுனிக்கு மேலே ஓர் இடைவிலா (விலா எலும்புகளுக்கு இடையிலான இடைவெளி) தள்ளி ப்ரோபை வைப்பது. அப்போது இடது கீழறை குட்டையாக, உருண்டையாகத் தெரியும். எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் (ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் சதவீதம்) உள்ளதைவிடக் கூடுதலாக வரும், நுனியில் ஒட்டியிருக்கும் ரத்தக்கட்டி கண்ணில் படாது. நோயாளியை நன்றாக இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்து, ஓர் இடைவிலா கீழே, கொஞ்சம் வெளிப்புறமாக இறக்குங்கள். நான்கறைக் காட்சியிலும் ஈரறைக் காட்சியிலும் கீழறையின் நீளத்தை அளந்து பாருங்கள். இரண்டும் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் ஏதோ ஒன்றில் நுனி தப்பிவிட்டது.

பெருந்தமனி வால்வு சுருக்கத்தை அளக்கும்போது கோணம் ஏமாற்றும். ரத்தத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் கதிர் ரத்த ஓட்டத்திலிருந்து 30 டிகிரி விலகினால் வேகம் 13 சதவீதம் குறைந்து தெரியும். நிஜத்தில் நொடிக்கு 4.2 மீட்டர் என்றால் திரையில் 3.6. அழுத்த வேறுபாடு வேகத்தின் வர்க்கத்தில் போவதால் அதில் கால்வாசி காணாமல் போகும். 4 மீட்டருக்கு மேல் கடுமை என்பது கணக்கு. ஆக, வால்வு மாற்ற வேண்டிய பெரியவரை ‘மிதமானதுதான், ஆறு மாதம் கழித்து வாருங்கள்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். நோயாளியை வலப்பக்கம் திருப்பி, மார்பெலும்பின் வலதோரத்திலிருந்து, படம் காட்டாத அந்தச் சின்னப் பென்சில் ப்ரோபால் ஒருமுறை தேடாமல் அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

செய்ததை எல்லாம் எண்ணி வைப்பதும் பயிற்சியின் பகுதிதான். எக்கோவைத் தனியாகப் படித்து அறிக்கை தரும் இரண்டாம் நிலைத் தகுதிக்கு, கையால் செய்தது 150, படித்தது 300 என்பது அளவுகோல். ஆஞ்சியோகிராமில் அதே நிலைக்கு 300. இன்டர்வென்ஷனல் ஆண்டில் 250 ஆஞ்சியோபிளாஸ்டி. அன்றன்றைக்குப் பதியாவிட்டால் ஆண்டு இறுதியில் தேடிப்பிடிக்க முடியாது. புதிய மருத்துவமனை இந்தச் சோதனைகளையும் சிகிச்சைகளையும் செய்ய உங்களுக்கு அனுமதி வழங்குமுன் இந்த எண்களைத்தான் கேட்கும். சிறப்பு மருத்துவர் சான்றுக்கான போர்டு தேர்வுகளில் உள்மருத்துவம் ரெசிடென்சி முடிந்ததும், கார்டியாலஜிப் போர்டு ஃபெலோஷிப் முடிந்ததும் வரும். கார்டியாலஜியில் கேள்வித்தாள் தவிர இ.சி.ஜி., எக்கோ, ஆஞ்சியோ படிப்பதற்கென்று தனிப் பகுதி உண்டு, அதிலும் தனியாகத் தேற வேண்டும்.

ஜே-1ல் படித்தவர் முடித்தபின் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதிலிருந்து விலக்குப் பெற இதய மருத்துவர்களுக்குப் பெரும்பாலும் இருக்கும் வழி கான்ராட் 30 என்ற திட்டம். மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர், மருத்துவர் பற்றாக்குறையான பகுதியில் 3 ஆண்டு முழுநேர வேலை. விண்ணப்பம் பல மாநிலங்களில் அக்டோபர் 1ஐ ஒட்டித் திறக்கும். சில பெரிய மாநிலங்களில் இடங்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும். சில மாநிலங்கள் குடும்ப மருத்துவர்களுக்கு முதலிடம் கொடுத்துவிட்டு, மிஞ்சியதைத்தான் நமக்குத் தரும். பயிற்சியின் கடைசி ஆண்டு ஜூலையில் தொடங்குகிறது. அக்டோபரில் கையெழுத்தான ஒப்பந்தம் வேண்டும். அப்படியென்றால் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே வேலை தேடத் தொடங்கிவிடுங்கள். இன்டர்வென்ஷனல் ஓராண்டுப் பயிற்சி எடுப்பவர், அதில் சேரும் முன்பே அது முடிந்தபின் பார்க்கப்போகும் வேலையைத் தேட வேண்டியிருக்கும்.

ஜே-1ல் இருக்கும்வரை வெளியே பகுதிநேர வேலை பார்க்கக் கூடாது. ஆனால் ஜே-1காரரின் குடும்பத்துக்கான ஜே-2வில் வரும் கணவனோ மனைவியோ அனுமதி வாங்கி வேலைக்குப் போகலாம். விலக்குக் கிடைத்து எச்-1பிக்கு மாறியதும் அது நின்றுபோகும், கிரீன் கார்டின் முதற்கட்ட மனு தேறும்வரை எச்-1பிகாரரின் குடும்பத்துக்கான எச்-4ல் வேலை பார்க்க முடியாது. இரண்டு சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்குபவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

ஒப்பந்தத்தில் சம்பளத்தைவிட மூன்று வரிகளைக் கூர்ந்து படியுங்கள். இரவு அழைப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை பேர் பகிர்கிறார்கள். வேலையை விட்டபின் வரும் வழக்குகளுக்கான ‘டெயில்’ காப்பீட்டுப் பணத்தை யார் கட்டுவது. காரணம் சொல்லாமல் வேலையிலிருந்து நீக்கும் பிரிவு இருக்கிறதா. இந்த மூன்றாவது வரி, விலக்குப் பெற்றவர்களுக்கு ஆபத்தானது, ஏனென்றால் 3 ஆண்டு முடியுமுன் வேலை போனால் விசாவும் சேர்ந்து ஆட்டம் காணும். குடியேற்ற வழக்கறிஞரை நீங்களே தனியாக வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவமனை தரும் வழக்கறிஞர் மருத்துவமனைக்காக வாதாடுபவர்.

வேலையில் சேர்ந்ததும் கிரீன் கார்டு மனுவைப் போட்டுவிடுங்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு, உயர்படிப்புப் படித்தவர்களுக்கான ஈ.பி.-2 கிரீன் கார்டு வரிசை பத்தாண்டுக்கும் மேல் நீள்கிறது. உங்கள் இடம் மனு போட்ட தேதியிலிருந்துதான் எண்ணப்படும். பற்றாக்குறைப் பகுதியில் மொத்தம் 5 ஆண்டு வேலை பார்க்கச் சம்மதித்தால் மருத்துவர்களுக்கான தேசிய நலன் விலக்கில் முதலாளியின் தயவில்லாமல் நீங்களே மனு போடலாம், கான்ராட்டின் 3 ஆண்டும் அதில் சேரும். இந்தியாவிலிருந்து கூட வந்த பிள்ளைக்கு 21 வயது ஆவதற்குள் (அதன்பின் பொதுவாக உங்கள் மனுவில் சேர முடியாது) வரிசை நகருமா என்பதையும் அன்றே கணக்குப் போடுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவையும் காலாவதியாக விடாதீர்கள். நடுவழியில் ஊர் திரும்ப நேர்ந்தால் மறுநாளே நோயாளி பார்க்க அதுதான் வேண்டும்.