ரசீதில் நலம் விரும்பி

எங்கள் டிரஸ்ட் சின்னது. ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, அதற்கு வாடகைக்கு ஒரு மொட்டை மாடி, இரண்டு ஆசிரியைகள். 2021இல் பொருளாளர் வேலை என் தலையில் விழுந்தது. வரவு செலவை எழுதி ஆடிட்டரிடம் கொடுத்தால் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

2022 ஏப்ரலில் ஆடிட்டர் கூப்பிட்டார். "இந்த வருஷத்திலிருந்து வருமான வரித்துறைக்கு 10பிடின்னு ஒரு படிவம் போடணும். நன்கொடை கொடுத்த ஒவ்வொருத்தர் பேரு, முகவரி, பான் இல்லேன்னா ஆதார், எல்லாம் வேணும். மே 31 கடைசி. தாண்டினா நாளுக்கு 200 ரூபா." நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரியில் கிடைக்கிற 80ஜி கழிவுக்கு அதுவரை எங்கள் ரசீதே போதும். இனி நாங்கள் விவரம் ஏற்றினால்தான் 10பிஇ சான்றிதழ் வரும், அது இருந்தால்தான் கொடுத்தவருக்குக் கழிவு. எரிச்சலாக இருந்தாலும் நியாயம்தான். அவருக்குக் குறைகிற வரி, அரசுக்கு வரவேண்டிய பணம்தானே?

ரசீதுப் புத்தகங்களைப் பிரித்தேன். கார்பன் மங்கிய பிரதிகளில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நலம் விரும்பி', 'அண்ணாச்சி', 'அம்மா நினைவு நாள்'. எல்லாம் என் கையெழுத்து.

சரி என்று ஒவ்வொருவராகப் போன் செய்தேன். பான் நம்பர் கேட்டதும் ஒரு அக்கா, "போலீஸ்ல சொல்லிடுவேன்" என்று வைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, ஊரில் நடக்கிற மோசடி அப்படி. 3,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பான் நம்பரைப் பொறுமையாக இரண்டு முறை வாசித்தார். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது என்று அப்புறம்தான் சொன்னேன்.

"கழிவு நான் எங்க தம்பி கேட்டேன்? ஆனா வாங்கும்போதே சொல்லியிருக்கலாம்ல?"

பதில் இல்லை.

விவரங்களை எக்செல்லில் அடித்து, வரித்துறைத் தளத்தில் ஏற்றுவதற்கான சிஎஸ்வி கோப்பாக்கினால், ஆதார் எண்களெல்லாம் 4.23இ+11 மாதிரி சுருண்டு கிடந்தன. அந்தக் கட்டங்களை 'டெக்ஸ்ட்' ஆக்கி மறுபடி அடிக்க ஒரு ராத்திரி போயிற்று. மே 30ஆம் தேதி அந்தத் தளம் ஓடிபி கேட்டபோது எங்கள் நிர்வாக அறங்காவலர் கல்யாணப் பந்தியில் இருந்தார். மேளச் சத்தத்துக்கு நடுவே ஆறு எண்களைக் கத்திச் சொன்னார்.

பான் தராதவர்களின் பணம் என்னவாகும் என்றுதான் பயந்திருந்தேன். பெயரும் முகவரியும் பதிவில் இருந்தால் அது அநாமதேய நன்கொடை ஆகாது, சான்றிதழ்தான் வராது என்றார் ஆடிட்டர். அதுவும் இல்லாத 'நலம் விரும்பி' பணத்துக்கு 30 சதவீத வரி உண்டு. ஆனால் வருஷத்துக்கு ஒரு லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை வரி இல்லை. நாங்கள் சின்ன டிரஸ்ட் என்பதால் தப்பித்தோம்.

ஜூனில் புது ரசீதுப் புத்தகம் அச்சடித்தோம், பானுக்குத் தனிக் கட்டத்தோடு. முதல் ரசீது அண்ணாச்சிக்கு, 500 ரூபாய். "பேரெல்லாம் எதுக்குப்பா, நலம் விரும்பின்னு போடு" என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டு, கதவு எண்ணிலிருந்து கேட்க ஆரம்பித்தேன்.