என்றால் சரிதான்

‘மனுதாரர் தன் தொழிலைத் தொடர்ந்து செய்ய இயலும் என்றால் சரிதான்.’ குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் கேட்டதைச் சாட்சி ஒப்புக்கொண்டால் ‘என்றால் சரிதான்’ என்று பதிவார்கள். என் சாட்சியத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது இந்த வரி. கீழே என் கையெழுத்து. படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

நான் சொன்னது அதுவல்ல. ‘சோதனை அறையில் பார்த்த அளவில், இயலும்’ என்றேன். நீதிபதி தட்டச்சருக்குச் சொல்லச் சொல்ல, என் பேச்சின் முன்பாதி உதிர்ந்துவிட்டது. அவர் மீது குறை இல்லை; அன்றைய பட்டியலில் வழக்குகள் ஏராளம். திருத்தச் சொல்லிக் கேட்டிருந்தால் திருத்தியிருப்பார். நான் கேட்கவில்லை.

மனுதாரர் கல்யாணச் சமையல் மாஸ்டர். பைக் விபத்தில் மூளையின் முன்மடலில் அடி. எட்டு மாதம் கழித்து இழப்பீட்டு வழக்குக்காக, மூளைக் காயத்தின் விளைவுகளைச் சோதிக்கும் உளவியலாளரான என்னிடம் அனுப்பினார்கள். (மூளை, நீதிமன்றம் என்றதும் பலருக்கும் உண்மை கண்டறியும் சோதனைதான் நினைவுக்கு வருகிறது. சம்மதமில்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் போன்றவர்களை நீதிமன்றத்துக்கு இழுப்பவை பெரும்பாலும் இத்தகைய விபத்து வழக்குகளே.) பெங்களூரின் நிமான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனம் உருவாக்கிய தொகுப்பிலிருந்து சோதனைகள் செய்தேன். 15 சொற்களை ஐந்து முறை படித்துக் காட்டி, பிறகு நினைவுகூரச் சொல்வது, மணிகளைக் குறைந்த நகர்த்தல்களில் இடம் மாற்றச் சொல்லித் திட்டமிடும் திறனைப் பார்ப்பது, இன்னும் சில. அவருடைய வயதுக்கும் படிப்புக்கும் உரிய அளவுகோலில் எதிலும் அவர் குறைபாடு என்று கொள்ளும் எல்லையான 15ஆம் சதமானத்துக்குக் கீழே போகவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ‘300 பேர் முகூர்த்தச் சாப்பாட்டுக்குச் சாமான் சீட்டு சொல்லுங்கள், மாஸ்டர்’ என்றேன். அரிசியில் தொடங்கி வாழை இலைக் கட்டு வரை தடுமாறாமல் சொன்னார். முகம் மலர்ந்திருந்தது. தொழிலறிவு முழுமையாக இருக்கிறது என்று அறிக்கையில் எழுதினேன். அவருக்குச் செய்யும் மரியாதையாகவே அதை நினைத்தேன்.

அவருடைய மனைவி சொன்னதையும் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தேன். ‘அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், அண்டாவுக்குப் பக்கத்திலேயே நிற்பார், மேடம். அடுத்தது இது என்று யாராவது சொன்னால் செய்வார். சொல்லாவிட்டால் நின்றுகொண்டே இருப்பார்.’

காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் கடைசிப் பத்திக்கு வரவே இல்லை. சாமான் சீட்டைப் பிடித்துக்கொண்டார். ‘300 பேருக்கான கணக்கைப் பிழையில்லாமல் சொன்னார் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?’ ஆம். ‘திட்டமிடும் சோதனையிலும் குறை இல்லை?’ இல்லை. அதற்குப் பிறகுதான் ‘அப்படியானால் தன் தொழிலைத் தொடர்ந்து செய்ய இயலும்?’ என்ற அந்தக் கேள்வி. குறுக்கு விசாரணைக்குப் பின் என்னிடம் மீண்டும் கேள்வி கேட்டு விளக்கம் பெற்றிருக்கலாம்; மனுதாரரின் வழக்கறிஞர் மறுவிசாரணை இல்லை என்று சொல்லிவிட்டார்.

சொல்லியிருக்க வேண்டியது எனக்குத் தெரியாத ஒன்றல்ல. 1991இல் ஷாலிஸ், பர்ஜெஸ் என்ற நரம்பியல் உளவியலாளர்கள் இருவரும் முன்மடலில் அடிபட்ட மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். மேசைச் சோதனைகளில் நன்றாகச் செய்தவர்கள், கடைத்தெருவில் சில எளிய வேலைகளை முடித்து வரச் சொன்னபோது தடுமாறினார்கள். என் அறையில் தாளை வைப்பவள் நான், தொடங்கச் சொல்பவள் நான், அடுத்ததை எடுத்துத் தருபவளும் நான். அவருடைய முன்மடல் செய்ய வேண்டிய வேலையை அந்த மூன்று மணி நேரமும் நானே செய்துகொண்டிருந்தேன். மாணவர்களுக்கு இதை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். கூண்டில் நின்றபோது வாயில் வரவில்லை.

ஆனால் என் பக்கமும் ஒன்று உண்டு. இழப்பீடு கேட்டு வருபவரின் வீட்டார் சொல்வதையெல்லாம் மூளைக் குறைபாடு என்று எழுதினால், என் அறிக்கைக்கு என்ன மதிப்பு? வேண்டுமென்றே சொற்களை மறந்ததாகக் காட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். எண்கள் தாங்காத எதையும் சொல்லக் கூடாது என்பது இத்தனை வருடங்களாக நான் காத்துவந்த ஒழுங்கு. அன்றும் அதைத்தான் காத்தேன் என்று சில நாள் தோன்றுகிறது. வேறு சில நாள், கேள்வியைத் தாண்டிப் பேசினால் நீதிபதி கடிந்துகொள்வாரோ என்ற பயம்தான் அது என்று தோன்றுகிறது.

ராஜ்குமார் என்பவரின் விபத்து இழப்பீட்டு வழக்கில், அதுவும் 2010தான், உடல் ஊனத்தின் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்று உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. விபத்துக்கு முன் அந்த மனிதர் என்ன வேலை செய்தார், இப்போது அதில் எதைச் செய்ய முடிகிறது என்று பார்க்க வேண்டும். நான் அவருடைய அடுப்படிக்குப் போய்ப் பார்க்கவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை என்பது உண்மை.

இப்போது முன்மடலில் அடிபட்டு வருகிறவர்களை வார்டுக்குப் பின்னால் இருக்கும் சமையலறைக்கு அழைத்துப்போய், நான்கு பேருக்கு டீ போடச் சொல்கிறேன். சுவரோரம் நின்று, வாயைத் திறக்காமல் பார்க்கிறேன். போன வாரம் ஒருவர் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அறிக்கையில் எழுதினேன். இதற்கு அளவுகோல் என்ன, எத்தனை பேரிடம் சோதித்தது என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். ‘அளவுகோல் இல்லை, நான் பார்த்தேன்’ என்றுதான் சொல்ல முடியும்.

மாஸ்டரின் வழக்கில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நான் இதுவரை விசாரிக்கவில்லை.