சட்டம் போட்ட அறை, சட்டம் போட்ட படம்

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ஆலோசனை மண்டபப் படம் ஒன்று, கண்ணாடியும் மரச்சட்டமுமாக விற்பனைக்கு வருகிறது. உயர்ந்த கூரை, பொன்முலாம் பூசிய சுவர், மேசையைச் சுற்றிக் கனவான்கள். பார்த்ததும் மயங்க வைக்கும். ஆனால் அது அந்தக் காலத்து அச்சா, போன வருடத்து நகலா என்று சொல்லும் சான்றுகளில் பாதிக்கு மேல் சட்டத்துக்கு உள்ளேதான் ஒளிந்திருக்கின்றன. கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், நகலுக்கு என்ன விலையோ அதற்கு மேல் கொடுக்க வேண்டாம்.

முதலில் எந்த அறை என்று பார்க்க வேண்டும். லண்டன் லெடன்ஹால் தெருவில் இருந்த கிழக்கிந்திய மாளிகையில் ஏல விற்பனைக்கூடம் வேறு, இயக்குநர்கள் கூடிய அறை வேறு. பதிப்பாளர் ஆக்கர்மன் 1808 முதல் 1810 வரை வெளியிட்ட ‘மைக்ரோகாஸம் ஆஃப் லண்டன்’ தொகுப்பில் இருப்பது விற்பனைக்கூடம். கட்டடத்தை வரைந்தவர் பியூஜின், ஆட்களை வரைந்தவர் ரோலண்ட்சன். இயக்குநர் அறைக்கு அடையாளம் ரைஸ்பிராக் செதுக்கிய பளிங்குக் கணப்பு. கீழை நாடுகளின் செல்வத்தைப் பிரிட்டானியா பெற்றுக்கொள்ளும் காட்சி அதன் மேலே புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், மாளிகையை 1860களின் தொடக்கத்தில் இடித்தபோது அந்தக் கணப்பை எடுத்துப்போய் வைட்ஹாலில் புதிதாகக் கட்டிய இந்தியா அலுவலகத்தின் ஆலோசனை அறையில் பொருத்திவிட்டார்கள். ஆகவே கணப்பை மட்டும் வைத்து ‘கம்பெனி காலம்’ என்று சொல்லிவிட முடியாது. கம்பெனிக்கு இயக்குநர்கள் 24 பேர், 1853ஆம் ஆண்டுச் சட்டம் அதை 18 ஆக்கியது. 1858இல் ஆட்சி கம்பெனியிடமிருந்து பிரிட்டிஷ் அரசின் கைக்குப் போன பிறகு வந்த இந்திய ஆலோசனைச் சபைக்கு 15 பேர். நாற்காலிகளை எண்ணினால் ஒரு குறிப்பு கிடைக்கும். ஓவியர்கள் இட வசதிக்கேற்பக் கூட்டிக் குறைப்பார்கள் என்பதால் தீர்ப்பு கிடைக்காது.

இனி கழற்றுவது. சுத்தமான பருத்தித் துணியின் மேல் படத்தைக் குப்புறக் கவிழ்த்து, பின்னால் ஒட்டிய தாளைப் பிளேடால் ஓரமாக அறுக்க வேண்டும். சிறு ஆணிகளை நெம்பித் தூக்காமல், குறடால் பிடித்துப் படத்துக்கு இணையாக, உள்பக்கமாக இழுங்கள். நெம்பினால் பின்பலகை அழுந்தி, முன்னால் கண்ணாடி விரியும். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். உரித்தால் வண்ணம் கண்ணாடியில் நின்றுவிடும், வெறும் தாள்தான் கையோடு வரும். அது தாள் சீரமைப்பவரின் வேலை.

தாள் வெளியே வந்ததும் 10 மடங்கு பெருக்கும் லென்ஸை எடுத்து, சுவரில் நிழல் விழும் மென்மையான பகுதியில் வையுங்கள். அக்வாடின்ட் (செப்புத்தகட்டை அமிலத்தால் அரித்து நிழல் காட்டும் பழைய அச்சுமுறை) என்றால் நிழல் முழுக்க நுண்ணிய வலைப்பின்னலாகத் தெரியும்: மை ஓடைபோல ஓட, நடுவில் வெள்ளைத் தீவுகள். செப்புத்தகட்டில் உருக்கி ஒட்டிய பிசின் தூளின் ஒவ்வொரு துகளும் அமிலத்தைத் தடுத்த இடம்தான் அந்தத் தீவு. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்போல வட்டமாகச் சேர்ந்திருந்தால் அது இக்கால ஆஃப்செட் இயந்திரத்தில் அடித்த நகல், லென்ஸைப் பையில் போட்டுவிடலாம். வரிசை பிசகாத ஒரே நிறப் புள்ளிகள் இருந்தால், 1880களுக்குப் பிந்தைய ஹாஃப்டோன், அதாவது புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி அச்சிடும் முறை. 1842இல் தொடங்கிய ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ போன்ற இதழ்களின் மர அச்சில் கோடுகள் மட்டுமே இருக்கும். பெரிய படத்துக்குப் பல மரக்கட்டைகளைத் திருகாணியால் இணைத்து அச்சடித்ததால், இணைப்புகளில் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடு குறுக்கே ஓடும். அது குறையல்ல, நல்ல சகுனம்.

அடுத்து விளிம்பு. செப்புத்தகடு அழுந்திய பள்ளத்தை விரலால் தடவி உணரலாம். தடத்துக்கு உள்ளேயே தாளை வெட்டியிருந்தால் கீழ்வரியும் போயிருக்கும், மதிப்பும் போயிற்று. கீழ்வரியில்தான் வெளியிட்டவர் பெயரும் தேதியும் இருக்கும். 1735இல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருந்தது. ஆனால் அந்தத் தேதி தகட்டின் தேதி, தாளின் தேதி அல்ல. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ‘வாட்மன்’ போன்ற ஆலைப் பெயரும் ஆண்டும் நீர்க்குறியாகத் தெரியலாம். ஏற்றுமதித் தாளுக்கு வரியைத் திரும்பப் பெற ஆண்டு பொறித்திருக்க வேண்டும் என்று 1794இல் பிரிட்டனில் விதி வந்தது. ஆலைகள் ஆண்டு போடத் தொடங்கியதற்கு அதுதான் காரணம். கீழ்வரி 1809 என்றும் நீர்க்குறி 1820 என்றும் இருந்தால், பழைய தகட்டில் பின்னாளில் எடுத்த படி. போலி இல்லை, முதல் படியும் இல்லை.

மவுண்டுக்கு, அதாவது படத்தின் மேல் வைக்கும் ஜன்னல் வெட்டிய அட்டைக்கு, அடியில் மறைந்திருந்த ஓரத்தையும் பாருங்கள். வெயில் படாத அந்தப் பட்டையில்தான் உண்மையான வண்ணம் மிஞ்சியிருக்கும். மஞ்சளும் நீலமும் கலந்த பச்சைத் திரைச்சீலை, மஞ்சள் வெளிறி நீலமாக நிற்பதுண்டு. மவுண்டின் சாய்வெட்டு தொட்ட இடத்தில் பழுப்புக் கோடு விழுந்திருந்தால், அட்டையின் அமிலம் தாளைச் சுட்டிருக்கிறது. பழைய அட்டையைத் தூக்கிப் போடுங்கள்.

திரும்பச் சட்டம் போடும்போது அமிலமற்ற மவுண்ட் அட்டை, பின்னாலும் அதே. மேல் விளிம்பில் மட்டும் இரண்டு கீல்கள், ஜப்பானியத் தாளில், கோதுமை மாவுச்சத்துப் பசையில். நான்கு பக்கமும் ஒட்டினால், ஈரக்காற்றில் விரியும் தாள் போக இடமில்லாமல் அப்பளமாக நெளியும். செலோடேப் வேண்டவே வேண்டாம். நாடா உதிர்ந்த பிறகும் அதன் பசை தாளுக்குள் ஊறி மஞ்சள் கறையாகத் தங்கிவிடும். படத்துக்கும் கண்ணாடிக்கும் 3 மில்லிமீட்டராவது இடைவெளி விட வேண்டும். மவுண்ட் ஜன்னலைத் தகட்டுத் தடத்துக்கு வெளியே வெட்டினால் கீழ்வரியும் கண்ணில் படும். கடைக்காரர்கள் பெரும்பாலும் ‘அழகாக இருக்கும்’ என்று அதை மறைத்துத்தான் வெட்டுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மாட்டும் சுவர் மழையில் ஈரம் கோக்காத உட்சுவராக இருக்கட்டும். கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் பின்னால் காற்றோட்டம் இருக்கும், ராமபாணப் பூச்சி தங்காது. மங்கலான ஒளி, 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) போதும். மூடுவதற்கு முன் நீர்க்குறி, தகட்டுத் தடத்தின் நீள அகலம், கீழ்வரி மூன்றையும் படமெடுத்து, ஓர் உறையில் போட்டுப் பின்பலகையின் வெளிப்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்து வாங்குபவர் ஆணியைப் பிடுங்க வேண்டியிருக்காது.