கிம்பல் ஸ்டேஷன் வாசலில் தமாலே விற்ற அம்மா

எங்கள் ஊர்ப் பக்கம் கார்த்திகைக்குப் பனையோலைக் கொழுக்கட்டை அவிப்போம். பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்த் துருவல், கொஞ்சம் சுக்கு, ஏலம். எல்லாம் பிசைந்து குருத்தோலைக்குள் அமுக்கி, ஓலை நாரால் கட்டிப் பானையில் அடுக்குவாள் அம்மா. வெந்த ஓலையைப் பிரித்தால் கொழுக்கட்டையில் ஓலையின் வரி அப்படியே பதிந்திருக்கும்.

2023 நவம்பரில் நாங்கள் சிகாகோ வந்து இறங்கிய மூன்றாவது வாரம், பிரவுன் லைன் ரயில் முடியும் கிம்பல் ஸ்டேஷன் வாசலில் அதே மாதிரி வரி பதிந்த ஒன்றைப் பார்த்தேன். ஒரு அம்மா, தலையில் கம்பளித் தொப்பி, காலடியில் சூடு தங்கும் பெட்டி. மூடியைத் திறந்ததும் ஆவி. உள்ளே சோள மட்டையில் பொதிந்து அவித்த தமாலே. மக்காச்சோள மாவுக்குள் கோழிக்கறியும் பச்சைக் காரமும். பிரித்தால் மாவின்மேல் மட்டையின் வரி. பனியில் நின்றுகொண்டே இரண்டு தின்றேன். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, எனக்கு ஸ்பானிஷ் ஒரு சொல்கூடத் தெரியாது. மறுநாளும் போனேன். இந்த ஊரில் எனக்கு முதலில் பழக்கமான முகம் அவருடையதுதான்.

சிகாகோ தமிழர் என்றால் பெரும்பாலும் புறநகர்தான். நேப்பர்வில், அரோரா, ஷாம்பர்க். கோவிலும் தமிழ்ப் பள்ளியும் அந்தப் பக்கம். என் கணவரின் ஆபீஸ் நகரத்துக்குள்ளே, எங்களிடம் கார் கிடையாது, அதனால் ஆல்பனி பார்க்கில் வீடு பிடித்தோம். குவாத்தமாலாக்காரர், மெக்சிகோக்காரர், எக்வடோர்க்காரர், கொரியர், அசிரியர், போஸ்னியர் என்று ஒரே தெருவில் பத்து மொழி புழங்கும் இடம். என் கணவருக்கு எச்-1பி என்ற வேலை விசா, எனக்கும் மகளுக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கான எச்-4. எனக்கு வேலைக்குப் போக அனுமதி இல்லை. பகல் முழுக்க வீட்டில் இருப்பவளுக்கு ஊரைக் கற்றுக்கொடுத்தது பிளாக் கிளப் சிகாகோ என்ற உள்ளூர்ச் செய்தித் தளம். 2017 நவம்பரில் டிஎன்ஏஇன்ஃபோ என்ற தளத்தை அதன் முதலாளி ஒரே நாளில் இழுத்து மூடியபோது, வேலை போனவர்களில் சிலர் சேர்ந்து 2018-இல் லாப நோக்கமில்லாமல் தொடங்கியது இது. எந்தக் கடை மூடுகிறது, எந்தத் தெருவில் குழாய் உடைந்தது, யாருடைய நாய் தொலைந்தது, இதெல்லாம் அதில் வரும். டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை பெரிய சாலைகளில் விடியற்காலை 3 முதல் 7 வரை வண்டி நிறுத்தக்கூடாது என்பதை அதில் படித்து, கார் இல்லாத நான் கீழ்வீட்டுக்காரருக்குச் சொல்லி அவருடைய வண்டி இழுத்துப்போகாமல் தப்பியது. அன்றுதான் நானும் இந்தத் தெருக்காரி என்று தோன்றியது.

அதே தளத்தில்தான் 2025 செப்டம்பர் 8 அன்று 'ஆபரேஷன் மிட்வே பிளிட்ஸ்' செய்தியைப் படித்தேன். சிகாகோவில் மத்திய அரசின் குடியேற்றச் சோதனை தொடங்கிவிட்டது என்ற அறிவிப்பு. அடுத்த பதினோராம் நாள், செப்டம்பர் 19, புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற ஆணை வந்தது. ஊருக்குப் போயிருந்தவர்கள் பாதிப் பயணத்தில் டிக்கெட் மாற்றி ஓடிவந்தார்கள். நம் ஆட்களின் வாட்ஸப் குழுக்கள் முழுக்க அந்த ஒரு லட்சம்தான். தெருவில் நடந்த மற்றதைப் பற்றி யாராவது கேட்டால் வந்த பதில் ஒன்றே ஒன்று: 'நமக்கு என்ன, நம்மிடம் பேப்பர் இருக்கிறது.'

அந்த வார்த்தை எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானத்தில் 104 இந்தியர்களைக் கையிலும் காலிலும் விலங்கிட்டு அமிர்தசரஸில் கொண்டு இறக்கினார்களே, அவர்களைப் பார்த்தும் 'நமக்கு என்ன' என்றுதான் சொன்னோம். பேப்பர் இருந்தாலும் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. அக்டோபரில், எங்களுக்கு வடக்கே ரோஜர்ஸ் பார்க்கில், சட்டப்படி இங்கே வாழும் அறுபது வயதுக்காரர் ஒருவரைக் குடியேற்ற அதிகாரிகள் நிறுத்தி விசாரித்து, தங்கும் அனுமதி அட்டையைக் கையில் வைத்திருக்கவில்லை என்று 130 டாலர் அபராதம் எழுதினார்கள். பதினெட்டு வயது தாண்டிய வெளிநாட்டவர் எப்போதும் பதிவுச் சான்றைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது பழைய சட்டம்தான். அதுவரை அதை யாரும் எங்களுக்குச் சொன்னதே இல்லை. அன்றிலிருந்து, நாட்டுக்குள் வந்ததைப் பதிந்த ஐ-94 பிரதியும் பாஸ்போர்ட் நகலும் ஒரு ஜிப் பையில் போட்டு என் கோட்டின் உள்பையில். பால் வாங்கப் போனாலும் அது கூட வரும்.

செப்டம்பர் 30 பின்னிரவில் தெற்கே சவுத் ஷோரில் ஒரு அடுக்குமாடியையே வளைத்தார்கள். மேலே ஹெலிகாப்டர். கதவுகளை உடைத்து, பிறந்ததிலிருந்து இங்கேயே குடிமக்களாக இருப்பவர்களையும் பிளாஸ்டிக் பட்டையால் கைகட்டி வெளியே உட்கார வைத்தார்கள். அந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை. ஆனாலும் அன்றிரவு வாசல் கதவின் சங்கிலியை மூன்று தரம் எழுந்து பார்த்தேன்.

அந்த வாரமே எங்கள் பக்கத்துத் தேவாலயத்தின் அடித்தளத்தில் பெற்றோர்களுக்கு ஒரு கூட்டம். மடக்கு நாற்காலிகள், ஒரு மேசையில் காபி, நம் உரிமைகளை இரண்டு மூன்று மொழியில் அச்சடித்த சிவப்பு அட்டைகள். நான் தெரிந்துகொண்டதில் முக்கியமானது வாரண்ட் விஷயம். குடியேற்ற அதிகாரிகள் காட்டும் காகிதம் பெரும்பாலும் அவர்கள் துறை அதிகாரியே கையெழுத்துப் போட்டது, ஐ-200 என்பார்கள். அதை வைத்து நம் அனுமதி இல்லாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது. நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் வேறு. கதவைத் திறக்காதே, காகிதத்தைக் கதவடியில் தள்ளச் சொல், கீழே யார் கையெழுத்து என்று பார். கேட்க எளிதுதான். ஆனால் காக்கிச் சட்டையைக் கண்டாலே எழுந்து நிற்கும் ஊரிலிருந்து வந்தவளுக்கு, கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்து பேசுவது என்பது பழகித்தான் வரவேண்டும். நானும் கீழ்வீட்டுக்காரரும் படிக்கட்டில் நின்று அதை ஒத்திகை பார்த்தோம்.

போலீஸ் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. 1985-இலேயே மேயர் ஹெரால்ட் வாஷிங்டன், நகர ஊழியர்கள் எவருடைய குடியேற்ற நிலையையும் கேட்கக்கூடாது என்று ஆணை போட்டிருக்கிறார். 2017-இன் டிரஸ்ட் சட்டப்படி இல்லினாய் மாநிலத்தில் உள்ளூர்ப் போலீஸ் குடியேற்றக் காரணத்துக்காக மட்டும் ஒருவரைப் பிடித்து வைக்க முடியாது. தெருவில் முகமூடியோடு வந்தவர்களுக்கும், நாங்கள் தினம் பார்க்கும் ரோந்துப் போலீசுக்கும் இப்படி ஒரு வேறுபாடு இருப்பது தெரிந்தபிறகு, அவசரத்துக்கு 911-ஐக் கூப்பிடலாமா என்ற பயமாவது குறைந்தது.

அந்தக் கூட்டத்திலிருந்து திரும்பும்போது கையில் ஒரு விசில் கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக், கழுத்தில் மாட்டக் கயிறு. கூடவே மடித்த தாள். குடியேற்ற அதிகாரிகள் அக்கம்பக்கத்தில் இருந்தால் விட்டு விட்டு ஊது. யாரையாவது பிடித்தால் நிறுத்தாமல் நீளமாக ஊது. வீட்டுக்குள் இருப்பவர்கள் வெளியே வராமல் இருக்க ஒரு சத்தம், வெளியே வந்து சாட்சியாக நிற்கக்கூடியவர்கள் வர ஒரு சத்தம். லிட்டில் வில்லேஜ், பில்சன் பக்கம் பரவிய பழக்கம் வடக்கே எங்கள் வரைக்கும் வந்துவிட்டது. என் கணவர் முதலில் தயங்கினார். "விசாவில் இருக்கிறோம், நமக்கு ஏன் வம்பு" என்றார். அவர் பயம் நியாயமானது. ஒரு கைது, ஒரு வழக்கு என்று வந்தால் எங்கள் மூன்று பேருடைய இருப்பும் போய்விடலாம். அதனால் எங்களுக்குள் ஒரு கணக்கு வைத்தோம்: கூட்டத்துக்குள் போவதில்லை, யாரையும் மறிப்பதில்லை, ஆனால் சொந்த வாசற்படியில் நின்று ஊதலாம். அது தப்பு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளிக்கு ஒரு வாரம். முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தூரத்தில் விட்டு விட்டு விசில். சற்று நேரத்தில் இரண்டு மூன்றாகி, பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே நீளச் சத்தம். மாவுக் கையோடு வாசலுக்கு ஓடினேன். எதிர்வீட்டுப் பாட்டி இரவு உடையில் நிற்கிறார், கொரியக் கடைக்காரர் கதவைப் பிடித்தபடி நிற்கிறார், கல்லூரிப் பையன் ஒருவன் சைக்கிளில் பறக்கிறான். நானும் ஊதினேன். விசிலில் மாவு ஒட்டிக்கொண்டது. சில தெரு தள்ளி, அக்கம்பக்கத்தார் சூழ்ந்துகொண்ட இடத்தில், அதிகாரிகள் கண்ணீர்ப் புகை அடித்துவிட்டுப் போனார்கள் என்று அன்று மாலை செய்தியில் படித்தேன். மூன்று நாள் முன்புதான், அக்டோபர் 9 அன்று, நீதிபதி சாரா எல்லிஸ் புகை வீச்சுக்குக் கட்டுப்பாடு போட்டிருந்தார். அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் நான் தினம் வாசிக்கும் பிளாக் கிளப்பும் உண்டு. நாய் தொலைந்ததை எழுதியவர்கள் புகைக்கு நடுவிலும் போய் நின்றார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை. அதன்பிறகுதான் மாதாமாதம் ஒரு சிறு தொகை அவர்களுக்குக் கட்டத் தொடங்கினேன்.

மகளின் பள்ளிக்கு நடந்து போக எட்டு நிமிடம். அக்டோபரில் அந்த எட்டு நிமிடத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஆட்கள் முனைக்கு ஒருவராக நின்றார்கள். பெற்றோர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், குழந்தையே இல்லாத அக்கம்பக்கத்தார். வெளியே வரப் பயந்த வீடுகளின் பிள்ளைகளை வாசலில் கூப்பிட்டு வரிசையாகப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். செவ்வாயும் வியாழனும் என் முறை. நான்கு பிள்ளைகள், என் மகளோடு ஐந்து. அதில் ஒரு சின்னவன் தினமும் என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொள்வான், பேசமாட்டான். ஒருநாள் மகள் கேட்டாள்: "அம்மா, அவங்க அம்மா ஏன் ஜன்னல்லயே நிக்கிறாங்க?" நான் உள்ளதைத்தான் சொன்னேன். ஏழு வயதுக்கு அது தாங்குமா என்று தெரியாது. ஆனால் அவள் கண்ணால் பார்ப்பதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

கிம்பல் ஸ்டேஷன் வாசலில் அந்த அம்மாவைக் காணோம். செப்டம்பர் கடைசியிலேயே அவர் வருவது குறைந்திருந்தது. அக்டோபரில் அந்த இடமே வெறிச்சென்று கிடந்தது. நகரத்தில் வேறு இடங்களில் சைக்கிள்காரர்கள் கூட்டமாகப் போய், தெருவோர வியாபாரிகளிடம் இருப்பதையெல்லாம் காலையிலேயே மொத்தமாக வாங்கி அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வாங்கியதைப் பசித்தவர்களுக்குக் கொடுத்தார்கள். செய்தியில் அதைப் படித்தபோது இவரிடமும் யாராவது வாங்கியிருப்பார்களா என்று நினைத்தேன். இரண்டு வருஷம் தினம் பார்த்தவருடைய பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. யாரிடம் என்ன சொல்லி விசாரிப்பது?

அம்மா போனில் கேட்டாள்: "ஏட்டி, டிவில காட்டுதானுவளே, ஒங்க ஊருதானா அது? பேப்பர்லாம் சரியா வச்சிருக்கியளா?" வைத்திருக்கிறோம் என்றேன். "அப்ப அந்தக் கொழுக்கட்டைக்காரி?" என்றாள். இரண்டு வருஷமாக அவளிடம் நான் தமாலே கதை சொல்லிக்கொண்டிருந்ததால் அவளுக்கு இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

நவம்பர் 5 காலையில் வடக்குப் பகுதியில் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குள்ளேயே போய் ஆசிரியை ஒருவரை இழுத்துப்போனார்கள், பிள்ளைகள் இருக்கும்போதே. மறுநாள் எங்கள் வரிசையில் பேச்சே இல்லை. அந்த மாத நடுவில் இந்தச் சோதனைகளை முன்னின்று நடத்திய எல்லைக் காவல் அதிகாரி கிரெகரி போவினோவும் அவருடைய ஆட்களும் சிகாகோவை விட்டு சார்லட் நகரத்துக்குப் போனார்கள். தெரு கொஞ்சம் மூச்சு விட்டது. ஆனால் பிடிபட்டவர்கள் திரும்பவில்லை, ஜன்னலில் நின்றவர்களும் உடனே வெளியே வரவில்லை.

டிசம்பர் 3 கார்த்திகை. பனையோலைக்கு எங்கே போவது? முந்தின கார்த்திகையில் டிவான் அவென்யூ இந்தியக் கடையெல்லாம் கேட்டுப் பார்த்து ஓய்ந்திருந்தேன். இம்முறை தெருமுனை மெக்சிகோ மளிகைக்குப் போய், காய்ந்த சோள மட்டை ஒரு கட்டு வாங்கினேன். வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் துணி மாதிரி வளைகிறது. ஒரு மட்டையை நாராகக் கிழித்துக் கட்டினேன். கருப்பட்டி ஊரிலிருந்து வந்தது கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஓலை வாசனை இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வரி பதிந்திருந்தது. மறுநாள் வியாழன், என் முறை. நான்கு வீட்டுக்கும் இரண்டிரண்டு. கோட்டைப் பிடித்து நடக்கும் சின்னவன் வாசலிலேயே பிரித்து, வாயில் போட்டு, வீட்டுக்குள் பார்த்து ஸ்பானிஷில் ஏதோ கத்தினான். அவன் அம்மா கதவு வரைக்கும் வந்தார். "தமால்?" என்று கேட்டார். "கொழுக்கட்டை" என்றேன். அவரும் சொல்லிப் பார்த்தார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, கடுங்குளிர், கிம்பல் வாசலில் அதே பெட்டி. பின்னால் நின்றது இருபது வயதுப் பையன். என் ஓட்டை ஸ்பானிஷில், இங்கே முன்பு நின்ற அம்மா எங்கே என்று கேட்டேன். வீட்டில் இருக்கிறார், மாவு இப்போதும் அவர்தான் பிசைகிறார், நான் கொண்டுவந்து விற்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னான். அம்மா பெயர் என்ன என்று கேட்டேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆறு தமாலே வாங்கினேன். அடுத்த வாரம் கருப்பட்டிக் கொழுக்கட்டை கொண்டுவருகிறேன், அம்மாவிடம் கொடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.